சவரம் செய்யச் சொல்லி ஒரு வரி

மூன்றாம் குழி காலனி,
பெத்தபல்லி ஜில்லா.
ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை.

ஸ்ரவந்தி மேடம் அவர்களுக்கு, குவார்ட்டர்ஸ் இருபத்திரண்டாம் நம்பர் கனகலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. கொமுரவெல்லி மல்லன்ன சுவாமி தயவில் நானும் மகள் ஹாரிகாவும் நலம். உங்கள் கை ஆறிவருகிறது என்று சாரய்யா சொன்னார். ஒங்கோலில் உங்கள் அம்மா அப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நவம்பர் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை சுரங்க மீட்பு நிலையத்தில் சூப்பரிண்டெண்ட் அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாற்காலியில் நரசிங்கராவ் சார். ஜன்னல் பக்கம் கையில் பதிவேட்டுடன் நீங்கள். கதவோரம் மீட்புக் குழுவில் இருக்கும் எங்கள் பக்கத்து வீட்டுச் சாரய்யா. அவருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஓதேலு, அன்று காலைதான் வழவழவென்று மழித்த முகத்தோடு. டீயை வைத்துவிட்டு வெளியே போகாமல் நின்ற அட்டெண்டர் ராஜவ்வா. பிறகு நான். மொத்தம் ஆறு பேர். வேறு யாரும் இல்லை.

அந்த ஆறு பேர் காதிலும் விழும்படி நான் உங்களைக் கேட்டேன்: "என் புருஷன் மூஞ்சியில முடி வளரலாமா கூடாதான்னு சொல்ல நீ யாரும்மா?" அதற்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் சாரிடம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "சார், ரெண்டு பேர் லீவுல இருக்காங்க. ஓதேலு அண்ணாவும் நாப்பத்தொரு நாள் இல்லேன்னா கூரை பாக்க ஆளே கிடையாது. அண்ணி, தப்பா நினைக்காதீங்க, மாலையை அடுத்த வருஷம் போடக் கூடாதா?" என்றீர்கள். நான் அப்படிக் கேட்டதும் நீங்கள் பதிவேட்டை மூடிவிட்டீர்கள். நரசிங்கராவ் சார், "சாமி விஷயம்மா, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று சொல்லி, இவர் பெயரைக் குழுவிலிருந்து எடுக்கக் கையெழுத்துப் போட்டார். ராஜவ்வா இன்றுவரை என்னைப் பார்த்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறாள்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். மூன்று முறை உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், பேச வந்தது ஒன்றும் பேசியது ஒன்றுமாக முடியும். நான் ஐந்தாவதோடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் பஜனைப் புத்தகமும் பஞ்சாங்கமும் பார்த்துத்தான். ஆனால் எழுதினால் பொய் வராது எனக்கு. ஒரே ஒரு முறை வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேடம், நீங்கள் இந்த நிலையத்துக்குப் பயிற்சி அதிகாரியாக வந்தது போன தசராவுக்கு முந்தின தசராவில். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவர் மீட்புக் குழுவில் இருந்திருக்கிறார். பூமிக்கு அடியில் நெருப்பு, விஷக்காற்று, கூரை சரிவு என்று எத்தனையோ முறை போய்வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "என்ன ஆகணும்? சோறு போடு" என்பார். நான் அது ஆம்பளைகள் வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் வந்தபின் அதே மனிதர் வீட்டுக்கு வந்து பேசத் தொடங்கினார். என்னைப் பற்றியோ ஹாரிகாவைப் பற்றியோ இல்லை. "ஸ்ரவந்தி மேடம் சொன்னாங்க, நாடித்துடிப்பு குறையணுமாம்." "ஸ்ரவந்தி மேடம் சொன்னாங்க, ஊறுகாயில உப்பு ஜாஸ்தியாம்." என் அம்மா காலத்திலிருந்து போடும் ஊறுகாய், மேடம். பால், அரிசி எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் கோடு போட ஆரம்பித்தேன். ஒரு முறை உங்கள் பெயரைச் சொன்னால் ஒரு கோடு. முதல் மாதம் முப்பத்திநான்கு. பிப்ரவரியில் அறுபத்தொன்று. என் பெயரைச் சொன்னதற்கும் கோடு போட்டுப் பார்த்தேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அதையாவது பொறுத்திருப்பேன். பயிற்சிக்கு இறங்கும் முன் ஒவ்வொருவரிடமும் நீங்கள் கேட்பீர்களாமே: தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, வீட்டில் ஏதாவது சச்சரவா. மனது சரியில்லாதவனைப் புகைக்குள் அனுப்பக் கூடாது என்பது உங்கள் விதி. இவரும் அரிச்சந்திரன் மாதிரி ஒன்று விடாமல் ஒப்புவிப்பார். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ஒரு நாள் குழாயடியில் சாரய்யா, "என்ன அண்ணி, நேத்து பீர்க்கங்கா யுத்தமாமே! ஸ்டேஷன் நோட்டுல ஏறிடுச்சு. மேடம் அண்ணனை அன்னிக்கு உள்ள விடலை, வெளிய உக்கார வெச்சுட்டாங்க" என்று சிரித்தார். பீர்க்கங்காய் முற்றலாக வாங்கிவந்ததற்கு நான் நாலு வார்த்தை சொன்னது, என் வீட்டு அடுப்படிப் பேச்சு, உங்கள் கையெழுத்தில் அரசாங்கப் பதிவேட்டில்! அன்று குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

போன வருடம் பாதுகாப்பு வாரத்தில் குடும்பத்தினரை நிலையத்துக்கு அழைத்தீர்கள். குழுவின் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். நீங்கள் ஒவ்வொருவராக முகக்கவசம் மாட்டிப் பரிசோதித்தீர்கள். இவர் முறை வந்தது. நீங்கள் இரண்டு கையாலும் இவர் முகத்தைப் பிடித்து, தாடையோரம் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "அண்ணா, இங்க ரெண்டு முடி விட்டுட்டீங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் நாலு பேர் முன்னால் நான் அவர் சட்டைக் காலரைக்கூடத் தொட்டுச் சரிசெய்ததில்லை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டீர்கள். "அண்ணி, நீங்க போட்டுப் பாருங்க." எனக்கு அதே மாதிரி மாட்டினீர்கள். வார்களை இழுத்தீர்கள். குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்துவிட்டு, "மூச்சை இழுங்க அண்ணி. கவசம் உங்க முகத்தைக் கவ்விப் பிடிக்குதா? பிடிச்சா நல்லது. நடுவுல ஒரு மயிர் இருந்தாலும் அந்த வழியா விஷக்காத்து வந்துடும்" என்றீர்கள். உங்கள் கை ஜில்லென்று இருந்தது. ரப்பர் வாசனையும் சோப்பு வாசனையும் வந்தது. மேடம், அந்தக் கையில் வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை. அது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் அவரை அண்ணா என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிட்டது வாய்வார்த்தை இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். தப்பே இல்லாததோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் உயிரை உங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறார். என்னிடம் வைத்தது சாப்பாட்டு டப்பா மட்டும்தான்.

இனி அந்தப் பொய்யை எழுதுகிறேன்.

செப்டம்பரில் ஹாரிகாவுக்கு டெங்கு வந்து கரீம்நகர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். நான் வேமுலவாடா ராஜன்னா கோயிலைச் சுற்றிக் காளையைக் கூட்டிவந்து கட்டுவதாக வேண்டிக்கொண்டேன். அவள் பிழைத்து எழுந்ததும் போய்க் கட்டிவிட்டும் வந்தோம். என்னிடம் வேண்டுதலுக்கென்று தனி நோட்டு உண்டு. எந்தச் சாமிக்கு, எதற்காக, எந்தத் தேதி, என்றைக்கு நிறைவேற்றியது என்று நாலு பத்தியாக எழுதி வைப்பேன். மனிதருக்குக் கொடுக்க வேண்டியதை மறந்தாலும் சாமிக்குக் கொடுக்க வேண்டியதை மறக்கக் கூடாது என்று கல்யாணமான வருடம் தொடங்கியது.

இவருக்கு அய்யப்ப மாலை போட வெகுநாள் ஆசை. ஆனால் நாற்பத்தொரு நாள் சவரம் செய்யாமல் இருக்க முடியாதே என்று போட்டதில்லை. கேட்பவர்களிடம், "மூஞ்சி ஸ்டேஷனுக்கு, மனசு சாமிக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். விடியற்காலையில் அவர் சவரத்துக்கு வெந்நீர் போடுவது நான்தான். ஆகவே தாடி வளர்ந்தால் கவசம் கிடையாது, கவசம் இல்லாவிட்டால் நிலையம் கிடையாது, நிலையம் இல்லாவிட்டால் நீங்கள் கிடையாது என்பது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நவம்பர் பத்தாம் தேதி அவரிடம் சொன்னேன்: "ஹாரிகா படுத்திருந்தப்ப நீங்க மாலை போடறதா அய்யப்பனுக்கும் வேண்டிக்கிட்டேன். சொல்ல மறந்துட்டேன்." அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். "குழந்தைக்காகன்னா போட்டுத்தான் ஆகணும்" என்றார். அப்படி ஒரு வேண்டுதலே நான் செய்யவில்லை, மேடம். செப்டம்பர் பக்கத்தில் இரண்டு வரிக்கு நடுவில் அதை நவம்பரில்தான் எழுதிச் சேர்த்தேன். மற்ற வரியெல்லாம் நீல மை. அது மட்டும் கறுப்பு. சாமியின் பெயரை வைத்து உங்களை என் வீட்டு வாசலிலிருந்து துரத்தினேன்.

பதினேழாம் தேதி மாலை போட்டார். அந்த இருபத்துநாலு நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், வாரம் ஒரு நாள் வீட்டில் பஜனை. காலனியே அவரை "சுவாமி" என்று கூப்பிட்டது, ராஜவ்வாகூட. நான் மடியாகச் சமைத்துப் போட்டேன், எவ்வளவு உப்பு என்று யாரும் சொல்லவில்லை. நோட்டில் கோடு போட வேலையே இல்லை. நரைத்த தாடி அவருக்கு அழகாகத்தான் இருந்தது.

இருபத்தைந்தாம் நாள், டிசம்பர் பதினொன்று, காலை எட்டே கால். மீட்புக் குழுவினர் வீடுகளில் நிலையத்திலிருந்து கம்பி இழுத்து மணி வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. இவர் பெயரை எடுத்துவிட்டதால் எங்கள் மணியின் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சாரய்யா வீட்டில் மணி அடித்தது. இவர் பூஜையில் உட்கார்ந்திருந்தார். கற்பூரத் தட்டை வைத்துவிட்டு எழுந்து எங்கள் மணியின் கீழே போய் நின்றார். அது அடிக்கவில்லை. சாரய்யா பூட்ஸோடு படியில் ஓடும் சத்தம் கேட்டது. இவர் அந்த ஊமை மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெறுங்காலோடு நிலையத்துக்கு ஓடினார். நான் "சுவாமி, சுவாமி" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சாரய்யா எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். அடைத்துப்போட்ட பழைய பகுதி சூடேறிப் புகைந்தது. பம்ப் பார்க்கும் இரண்டு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். ஐந்து பேர் இல்லாமல் குழு இறங்கக் கூடாது. வழக்கமாக நல்ல காற்று முடியும் இடத்தில் உட்கார்ந்து நேரம் கணக்கிடுவது உங்கள் வேலை. லீவில் இருந்த இரண்டு பேரும் திரும்பியிருந்தும் அன்று ஐந்தாம் ஆள் இல்லை. நரசிங்கராவ் சாரை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு நீங்களே கவசம் மாட்டினீர்கள். மாட்டும்போது நிலையத்தை ஒட்டிய குழி வாசல் கம்பிக்கு வெளியே தாடியோடு நின்ற இவரை நிமிர்ந்து பார்த்தீர்கள். அதை நானும் பார்த்தேன். "தள்ளிப் போங்க அண்ணா, இங்க புகை வரும்" என்று மட்டும் சொன்னீர்கள். வேறு யாராக இருந்தாலும் அவருக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

இரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்தீர்கள். திரும்பும் வழியில் கூரைக் கல் விழுந்து உங்கள் இடது கை நசுங்கியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் தெரிந்தது. முன்னால் நடந்து கழியால் கூரையைத் தட்டி, சத்தத்தை வைத்து எந்தக் கல் பிடித்திருக்கிறது, எந்தக் கல் விட்டுவிட்டது என்று சொல்வது இவர் வேலை. அன்று அதை நீங்கள் செய்தீர்கள். சாரய்யா சொன்னார்: "மேடமும் நல்லாதான் தட்டினாங்க அண்ணி. ஆனா அண்ணன் காது வேற."

மாலையைப் பாதியில் கழற்றவில்லை. சபரிமலைக்குப் போய் இருமுடி இறக்கிவிட்டு டிசம்பர் முப்பதாம் தேதி வந்தார். கூடப் போன சுவாமிமார் எல்லோரும் மறுநாளே சலூனில் உட்கார்ந்தார்கள். இவர் மாலையைக் கழற்றினார், தாடியை எடுக்கவில்லை. இன்றோடு இருபத்தெட்டு நாள். இப்போது விளக்கறையில் உட்கார்ந்து இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிறார். அந்த வேலையில் யாருக்கும் முகம் மழிக்க வேண்டியதில்லை.

நான் தினமும் விடியற்காலை வெந்நீர் வைக்கிறேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறேன். "தண்ணிய வீணாக்காத கனகா" என்கிறார். ஒரு நாள் அழுது கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் மாலை போட்டேன், ஹாரிகா பொழச்சா. நான் மாலை போட்டேன், அந்தப் பொண்ணு கை போச்சு. ரெண்டையும் ஒரே பக்கத்துல எப்படி எழுதறது? நீதான் கணக்குக்காரியாச்சே, சொல்லு" என்றார். அன்றுமுதல் நான் அந்த நோட்டைத் திறக்கவில்லை.

மேடம், பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மறுபடியும் குழுவில் சேர்ப்பதற்கான பரிசோதனை. அவருக்கு மார்ச்சில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த முறை போகாவிட்டால் வயதைக் காட்டி நிரந்தரமாகப் பெயரை அடித்துவிடுவார்கள். நரசிங்கராவ் சார் இரண்டு முறை ஆள் அனுப்பினார். சாரய்யா வந்து, "அண்ணா, நீ வராட்டி நான் முன்னால நடக்கணும், என் காதுக்கு என் பொண்டாட்டி கத்துறதே கேக்காது" என்று சொல்லிப் பார்த்தார். இவர் சிரிக்கக்கூட இல்லை. அவர் குழுவில் இல்லாமல் பாதுகாப்பாக மேலே உட்கார்ந்திருப்பது ஒரு மனைவிக்கு நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விளக்கறையில் இருப்பது என் வீட்டுக்காரர் இல்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், யார் பெயரையும் சொல்வதில்லை. கோடு போட ஒன்றுமில்லாத நோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆகவே கேட்கிறேன். என் பேச்சுக்கு அவர் சவரம் செய்ய மாட்டார். உங்கள் பேச்சுக்குச் செய்வார். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. உங்கள் வலது கைக்கு ஒன்றும் இல்லை என்று சாரய்யா சொன்னார், அதனால்தான் கேட்கத் துணிந்தேன். "அண்ணா, சவரம் செய்துகொண்டு பன்னிரண்டாம் தேதி போங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒரு வரி போதும். கடிதத்தை என் பெயருக்கே அனுப்புங்கள். நான் படித்துவிட்டுத்தான் அவரிடம் கொடுப்பேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதம் அவர் கையில் இருப்பதைப் பார்க்க எனக்கு எரியத்தான் செய்யும். எரியட்டும்.

அது வந்த அன்று உங்கள் கடிதத்தையும் என் வேண்டுதல் நோட்டையும், அந்தக் கறுப்பு மைப் பக்கத்தைத் திறந்து, ஒன்றாக அவர் முன்னால் வைப்பேன். எதை முதலில் எடுக்கிறாரோ எடுக்கட்டும். நோட்டை மட்டும் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் வரி பக்கத்தில் இருந்தால், என் மேல் கோபம் வந்தாலும் கோபத்தோடு நிலையத்துக்குப் போவார். வீட்டில் சச்சரவா என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வார். அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை, மறுநாள் விடுவார்கள்.

வேறு செய்திகள். ஹாரிகா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நீங்கள் கொடுத்த ஜியோமெட்ரி பெட்டியைத்தான் வைத்திருக்கிறாள். நான் ஒளித்துவைத்தேன், கண்டுபிடித்து எடுத்துக்கொண்டாள். ராஜவ்வா உங்களை விசாரிக்கச் சொன்னாள். உங்கள் அறையின் செடிக்கு அவள் தண்ணீர் ஊற்றுகிறாள், நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன், உயிரோடு இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அனுப்பும் டப்பாவில் இருப்பது புளிச்சகீரை ஊறுகாய். உப்பு குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

உங்கள் கைக்காக மல்லன்ன சுவாமிக்கு ஐந்து ஞாயிறு விளக்கேற்றுவதாக வேண்டியிருக்கிறேன். பழைய நோட்டில் இல்லை, புது நோட்டு வாங்கி முதல் வரியாக எழுதியிருக்கிறேன். நீல மை, உண்மையான தேதி. இரண்டு ஞாயிறு முடிந்தது. மீதமுள்ள விரல்கள் எட்டும் பத்தாக வேலை செய்யட்டும். நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வந்து, அவர் தாடையைத் தடவி, இரண்டு முடி விட்டுவிட்டீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நான் அங்கே நிற்கிறேன்.

இந்தக் கடிதம் ஒங்கோலுக்கு வர நாலு நாள், உங்கள் பதில் இங்கே வர நாலு நாள். நடுவில் அதிக நாள் இல்லை. தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கனகலட்சுமி